பாராட்டு இருக்கட்டும், பங்கு எங்கே?

கே: எங்கள் கல்லூரியில் மகளிர் தினத்துக்குக் கோலப்போட்டியும் சமையல் போட்டியும் நடத்தினார்கள். நான் கலந்துகொள்ளவில்லை. 'திமிர் பிடித்தவள்' என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். நான் செய்தது தப்பா?
– கல்லூரி மாணவி, கரூர்

ப: தப்பே இல்லை. கோலம் அழகான கலை, போடுகிறவர்கள் போடட்டும். ஆனால் அந்த நாள் பிறந்த இடம் வாசலும் இல்லை, அடுப்படியும் இல்லை. பெண்களுக்கென்று ஆண்டுதோறும் ஒரு நாள் வேண்டும் என்று 1910இல் கோபன்ஹேகன் மாநாட்டில் முன்மொழிந்தவர் கிளாரா ஜெட்கின். வாக்குரிமை கேட்பதற்கான நாள் அது. 1917 மார்ச் 8 அன்று ரஷ்யாவின் பெத்ரோகிராடில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். சரியாக ஒரே வாரத்தில் ஜார் மன்னன் முடி துறந்தான். உலகம் மார்ச் 8ஐப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

அடுத்த ஆண்டு நீங்களே ஒரு போட்டி அறிவியுங்கள். மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, விடுதிக் கதவு ஆண்களுக்கு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, பெண்களுக்கு எத்தனை மணிக்கு, விளையாட்டு மைதானம் மாலையில் யார் கையில் இருக்கிறது என்று ஒவ்வொரு குழுவும் விசாரித்து எழுத வேண்டும். முதல் பரிசை முதல்வர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

கே: பெண் பொறுமையின் சிகரம். அதுதானே அவளுடைய உண்மையான வலிமை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

ப: ஐயா, பொறுமை அவள் குணம் என்று சொல்லிச் சொல்லியே எல்லோருடைய வேலையையும் அவள் தலையில் ஏற்றிவிட்டோம். எவ்வளவு தாங்குகிறாள் என்று வியக்கிற நேரத்தில் பாதியை இறக்கிவைக்கலாம்.

கே: துணிக்கடையில் வேலை. காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். உட்கார உரிமை உண்டு என்று சட்டம் வந்ததாகச் சொல்கிறார்கள். சூப்பர்வைசரைக் கேட்டால் 'கஸ்டமர் முன்னாடி உட்கார்ந்தா கடை விளங்குமா' என்கிறார்.
– விற்பனைப் பெண், மதுரை

ப: சட்டம் வந்தது உண்மை, தங்கச்சி. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்று அதில் 22-அ என்ற புதுப் பிரிவே சேர்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான உரிமை. இதைச் சட்டம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்த உரிமையை முதலில் சட்டமாக்கியது கேரளம், 2018இல். அதற்குப் பின்னால் இருந்தவர் கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி. மிட்டாய்த் தெருவில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. போக இடமில்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருந்தார்கள். விஜி அவர்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். கழிப்பறையில் தொடங்கிய கோரிக்கை நாற்காலிக்கு வந்தது. 'உட்கார ஆசைப்படுகிறவள் வீட்டிலேயே இருக்கட்டும்' என்கிற பேச்சையெல்லாம் தாண்டித்தான் சட்டம் வரை போனார்கள். நம் பக்கத்தில் இந்த வாழ்க்கையை வசந்தபாலன் 2010லேயே 'அங்காடித் தெரு'வில் காட்டினார். தியேட்டரில் அழுதோம். மறுநாள் அதே மாதிரிக் கடைக்குப் போய், நின்றுகொண்டிருந்த பெண்ணிடம் இன்னும் நாலு புடவை எடுத்துப்போடச் சொன்னோம்.

என்ன செய்யலாம்? தனியாகக் கேட்காதீர்கள். தனியாகக் கேட்கிறவளை வேலையை விட்டு நிறுத்துவது சுலபம், இருபது பேரை நிறுத்துவது கஷ்டம். சேர்ந்து எழுதி, மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகிற வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பில் போடும்போது முதலாளியிடம் ஒரு வாக்கியம் கேளுங்கள்: "இவங்களுக்கு ஸ்டூல் எங்கே?" ஒரு நாளைக்குப் பத்துப் பேர் இப்படிக் கேட்டால் ஸ்டூல் வந்துவிடும். வாடிக்கையாளர் வாய்க்கு இருக்கிற மரியாதை எந்தச் சட்டத்துக்கும் கிடையாது.

கே: நாள் முழுக்க வீட்டு வேலை. ஆனால் கணவர் யாரிடமும் 'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்றே சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
– இல்லத்தரசி, ஈரோடு

ப: மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகத்தையே பதில் சொல்ல வைப்போம். மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 2019இல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் ஒரு நாளைக்கு 299 நிமிஷம் உழைத்தாள், ஆண் 97 நிமிஷம். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெண்களில் 81 சதவீதம் பேர் வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26 சதவீதம் பேர்தான். அந்த 97 நிமிஷமே வேலை செய்த சிறுபான்மை ஆண்களின் சராசரி. மீதி ஆண்களின் கணக்கு பூஜ்யம்.

இன்னொரு பதில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து. வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய கணவருக்கும் ஊரில் குடும்பம் நடத்திய மனைவிக்கும் இடையிலான சொத்து வழக்கில் 2023 ஜூனில் தீர்ப்பு வந்தது. அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவர் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, அந்த உழைப்பும் சொத்துச் சேர்த்ததில் ஒரு பங்கு, ஆகவே அவளுக்குச் சம பாத்தியதை உண்டு என்றது நீதிமன்றம். ஒன்றைக் கவனமாகச் சொல்கிறேன்: இது ஒரு வழக்கில் வந்த தீர்ப்பு. இல்லத்தரசியின் உழைப்புக்குப் பங்கு கொடுக்கும் தனிச் சட்டம் நாட்டில் இன்னும் இல்லை. வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

இந்தப் பக்கத்தை வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். தண்ணீர் எடுக்க வரும்போதாவது அவர் கண்ணில் படும்.

கே: மூணு மகள், ஒரு மகன். மகள்களுக்கு நகை, சீர் எல்லாம் செய்து கட்டிக்கொடுத்துவிட்டேன். இப்போது நிலத்திலும் பங்கு என்றால் நியாயமா?
– விவசாயி, தஞ்சாவூர் மாவட்டம்

ப: நியாயம்தான். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 முதல் குற்றம். அந்தக் குற்றத்துக்குச் செய்த செலவைக் காட்டி மகளின் பங்கைக் கழிக்க முடியுமா? மகள் கேட்டு நீங்கள் கொடுப்பதல்ல அந்தப் பங்கு, அவளுடையது அவளுக்குப் போகிறது.

இது நேற்று முளைத்த பேச்சு இல்லை. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது சட்டமாக அறுபது வருஷம் ஆயிற்று. 1989இல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை தந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: தேவையில்லை, மகள் பிறந்தாலே போதும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆனால் சார்பதிவாளர் அலுவலக வாசலில் என்ன நடக்கிறது? அண்ணன் காரை அனுப்பித் தங்கையை அழைத்துவருகிறார். டிபன் வாங்கிக் கொடுக்கிறார். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு புடவை எடுத்துக் கொடுத்து அனுப்புகிறார். அவளும் போடுகிறாள். பங்கைக் கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைத்துவிடும், நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் வந்து நிற்க இடமிருக்காது என்ற பயம். பயத்தில் போட்ட கையெழுத்தைப் 'பாசம்' என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். ஐயா, நீங்கள் உயிரோடு இருக்கும்போதே நாலு பேருக்கும் சமமாக எழுதிவைத்துவிடுங்கள். உங்களுக்குப் பிறகு உங்கள் மகளை அந்த வாசலில் நிறுத்தாதீர்கள்.

கே: இலவச பஸ் வந்ததிலிருந்து பெண்கள் தேவையில்லாமல் ஊர் சுற்றுகிறார்கள் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள்.
– ஆட்டோ ஓட்டுநர், சென்னை

ப: சுற்றட்டுமே! நாம் டீக்கடைக்கும் பாலத்துக்கும் போய்வந்ததற்கு யாராவது தேவை என்னவென்று கேட்டார்களா?

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போனவர்கள் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கிராமத்துப் பெண் சைக்கிள் ஏறினால் என்னவெல்லாம் பேசுவார்களோ எல்லாம் பேசினார்கள். பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தார்கள். அதுதான் நல்லது என்றும் சொன்னார்கள், முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே! பஸ்ஸுக்காகக் காத்துக் கிடந்த நேரம் கையில் மிஞ்சியது. தண்ணீர் எடுக்கவும் விளைந்ததை விற்கவும் அண்ணன், புருஷன் என்று ஒருவரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்.

2021 மேயில் டவுன் பஸ்ஸில் கட்டணம் போனபோதும் அதுதான் நடந்தது. பூக்காரம்மா, வீட்டுவேலைக்குப் போகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் எல்லோருக்கும் மாதாமாதம் கையில் காசு நின்றது. அதில் ஒருநாள் கோயிலுக்கோ கடற்கரைக்கோ தோழியோடு போனால், எனக்கு அதில் சந்தோஷம்தான்.

கே: தலைவர் யாரும் இல்லாமல் பெண்கள் தாங்களே போராடி ஜெயித்தது உண்டா?
– வாசகர், போடிநாயக்கனூர்

ப: உங்கள் ஊரிலிருந்து மலையேறினால் அந்த இடம். 2015 செப்டம்பர், மூணாறு. கண்ணன் தேவன் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், பல தலைமுறையாக லயத்து வீடுகளில் குடியிருப்பவர்கள். அந்த ஆண்டு கம்பெனி போனஸை 10 சதவீதமாகக் குறைத்தது. சங்கத் தலைவர்கள் தங்களுக்காக வாயைத் திறப்பார்கள் என்ற நம்பிக்கை பெண்களுக்குப் போய்விட்டது. அவர்களே கூடி மலையிறங்கி வந்து மூணாறு நகரத்தில் உட்கார்ந்தார்கள். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை நின்றது. 'பெண்கள் ஒற்றுமை' என்பதுதான் அவர்களுக்குப் பெயர், மலையாளத்தில் 'பெம்பிளை ஒருமை'. சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களையும் அரசியல்வாதிகளையும் திருப்பி அனுப்பினார்கள். கேரளத்தின் மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்து கூடவே உட்கார்ந்தபோது அவரை ஏற்றுக்கொண்டார்கள். ஒன்பது நாளில் கம்பெனியும் அரசும் இறங்கிவந்தன. போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது.

அடுத்த கோரிக்கை கூலி. அன்று அவர்களுக்கு நாள் கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள், அக்டோபரில் 301 கிடைத்தது. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களையும் பிடித்தார்கள். பிறகு அவர்களுக்குள் பிளவு வந்தது, அமைப்பு தேய்ந்தது. அதை வைத்துத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று யாரை ஓரமாக உட்காரவைத்திருந்தார்களோ, அவர்கள்தான் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். ஏறிய கூலி, கூட்டத்துக்கு வராதவர்கள் வீட்டுக்கும் சேர்த்தே ஏறியது.

கே: நீதி கிடைக்க முப்பது வருஷம் ஆகும் என்றால் எதற்காகப் போராட வேண்டும்?
– சட்டக் கல்லூரி மாணவர், தருமபுரி

ப: உங்கள் மாவட்டத்து வாச்சாத்தியை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் அந்தப் பழங்குடி கிராமத்துக்குள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். ஆடுமாடு, தானியம், கிணற்று நீர் எதையும் விட்டுவைக்கவில்லை. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பிறகு அந்தப் பெண்களையே குற்றவாளிகள் என்று சிறையில் அடைத்தார்கள். அரசு அதிகாரிகள் அப்படிச் செய்வார்களா என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்கள்.

மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நின்றன. வழக்கு சிபிஐக்குப் போனது. பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, நடந்ததைத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துபோன 54 பேர் போக மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 17 பேர் மீது பாலியல் வன்கொடுமை நிரூபணமானது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் 2023இல் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

31 வருஷம் என்பது அநியாயம். அந்த அநியாயத்தைச் செய்தது நம் நீதிமன்ற நடைமுறை, அந்தப் பெண்கள் இல்லை. அவர்கள் விட்டுக்கொடுத்திருந்தால் அந்த 215 பேரும் முழுப் பென்ஷனோடு நல்ல பேர் வாங்கியிருப்பார்கள். நீங்கள் வக்கீல் ஆகப்போகிறீர்கள். அடுத்த வாச்சாத்தி வழக்கை மூன்று வருஷத்தில் முடித்துக்கொடுங்கள்.

கே: எங்கட அம்மாமாரைப் பற்றியும் ரெண்டு வரி எழுதுங்கோ.
– வாசகி, கிளிநொச்சி

ப: 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு வந்து அமர்ந்தார்கள் அந்தத் தாய்மார். சில நாளில் வவுனியாவிலும் தொடங்கியது. வருஷக்கணக்காக வெயிலிலும் மழையிலும் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கள் பிள்ளை எங்கே? பதில் வராமலே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள். மனவுறுதி என்று அவர்களைப் புகழ்வதற்கு எனக்கு மனம் வரவில்லை, அம்மா. அவர்களுக்குச் சேர வேண்டியது பதில்.

கே: பத்து வயது மகளுக்கு யாருடைய கதையைச் சொல்லலாம்? ஜான்சி ராணி கதை சொல்லி முடித்தாயிற்று.
– ஒரு தாய், தேனி

ப: மதுரை பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளையின் கதையைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகாதவர். விவசாயக் கூலி. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைச் சேர்த்து அழைத்துப்போய் எல்லோருக்கும் கூலி சரியாகக் கிடைக்கும்படி பேசி வாங்கியவர். வட்டிக்கடனில் ஊரே மூழ்கிக் கிடந்தபோது, பெண்கள் சிறுகச் சிறுகப் போட்டுத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் களஞ்சியம் இயக்கத்தை ஊர் ஊராக நடந்து கட்டியவர். டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ. உங்கள் மகளிடம் விருதைக் கடைசியில் சொல்லுங்கள், முதலில் கூலிப் பேச்சைச் சொல்லுங்கள். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கே: கம்பெனியில் மேலாளரின் தொல்லை. இரட்டை அர்த்தப் பேச்சு, ராத்திரியில் மெசேஜ். புகார் கொடுத்தால் என் பெயர்தான் கெடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.
– தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

ப: இன்று உங்கள் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. அது வரக் காரணமாக இருந்தவர் ராஜஸ்தான் பட்டேரி கிராமத்துப் பன்வாரி தேவி. அரசின் கிராமப் பணியாளராக ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அந்த ஆத்திரத்தில் 1992இல் அவரைக் கூட்டு வன்கொடுமை செய்தார்கள். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிட்டது. ஆனால் வேலைக்குப் போன இடத்தில் நேர்ந்த கொடுமைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியோடு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997இல் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா தீர்ப்பு வந்தது, 2013இல் சட்டம் வந்தது. அவருக்குக் கிடைக்காத பாதுகாப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

மெசேஜ்களை அழிக்காதீர்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். சிறிய நிறுவனம் என்றாலோ புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். தொல்லை நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். உங்கள் பெயரை வெளியிடச் சட்டம் யாரையும் அனுமதிக்கவில்லை. வீட்டில் இருப்பவர்களிடம் இதைக் காட்டுங்கள். தடுக்கிற நேரத்தில் ஒருவர் உங்களோடு வந்து உட்காரட்டும்.

பெண்கள் உதவி எண் 181, சட்ட உதவி எண் 15100. வக்கீல் வைக்கப் பணமில்லை என்று எந்தப் பெண்ணும் பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வழக்கறிஞர் தர வேண்டும். வட்டச் சட்டப் பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். நாளைக்கே போய்ப் பாருங்கள்.